சிலுவைப் போர்கள்: வாளும் வாக்கும்

முன்னுரை

நம் சமையலறையில் பறங்கிக்காய் உண்டு. சென்னையில் பறங்கிமலை உண்டு. சோழமண்டலக் கரையில் பரங்கிப்பேட்டை உண்டு. இச்சொற்களை நாளும் வழங்கும் நாம், அவற்றின் முதற்சொல் எங்கிருந்து புறப்பட்டது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மேலை ஐரோப்பாவில் வாழ்ந்த ‘ஃபிராங்க்’ இனத்தாரின் பெயரே அரபியில் ‘இஃப்ரஞ்ச்’ என்றும், பாரசீகத்தில் ‘ஃபரங்கி’ என்றும் திரிந்து, போர்த்துக்கீசியர் வந்த காலத்தில் தமிழில் ‘பறங்கி’ என நிலைபெற்றது. நமக்கு அது காயின் பெயர், ஊரின் பெயர். ஆனால் 11ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் அச்சொல் அச்சத்தோடும் சினத்தோடும், சிற்சில வேளைகளில் நட்போடும் ஒலித்த சொல்லாகும்.

இன்று நாம் ‘சிலுவைப் போர்கள்’ என வழங்கும் போர்களை அக்கால முஸ்லிம்கள் அப்பெயரால் அறிந்திலர். அவர்களுக்கு அவை பறங்கியர் படையெடுப்புகள். படையெடுத்து வந்தோரும் தம்மைப் புனிதப் பயணிகள் என்றே கூறிக்கொண்டனர். ‘அல்ஹுரூபுஸ் ஸலீபிய்யா’, அதாவது சிலுவைப் போர்கள் என்னும் அரபுத்தொடர், ஐரோப்பிய நூல்களின் வழியாக 19ஆம் நூற்றாண்டில் உருவானது.

அண்மையில் வரலாற்றுப் புதினங்களைப் பற்றிய வகுப்பொன்றில் இப்போர்களைக் குறித்துப் பேச நேர்ந்தது. மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, இந்தப் போரில் நாம் யார் பக்கம்?” என்று வினவினார். வினா எளிமையாகவே கேட்கப்பட்டது. ஆனால் அவர்க்கு அடுத்து அமர்ந்திருந்த கிறித்தவ மாணவர் தலை கவிழ்ந்ததை நான் கண்டேன். மணியடித்தது, நானும் விடை கூறாமலே வெளியேறினேன். கூறாமல் விட்ட அவ்விடையே இக்கட்டுரை. இருதரப்புச் சான்றுகளையும் ஒருங்கே வைத்து நோக்கி, அப்போர்களில் மனிதரைக் காத்தது எது, கைவிட்டது எது என ஆராய்வதே இதன் நோக்கம்.

போருக்கு முந்தைய பைத்துல் முகத்தஸ்

ஜெருசலம் நகரை முஸ்லிம்கள் பைத்துல் முகத்தஸ் என்றும் அல்குத்ஸ் என்றும் போற்றுவர். யூதர்க்கு அது பழந்திருக்கோயில் நின்ற இடம். கிறித்தவர்க்கு ஏசுநாதரின் கல்லறைத் திருக்கோயில் விளங்கும் இடம். முஸ்லிம்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மிஃராஜ் பயணத்தோடு தொடர்புடைய மஸ்ஜிதுல் அக்ஸா அமைந்த இடம். 7ஆம் நூற்றாண்டில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் அந்நகரம் போரின்றிப் பணிந்தது. மறைத்தலைவர் சொஃப்ரோனியசுக்கு அவர்கள் அடைக்கலம் அளித்தார்கள் என்றும், பின்வருவோர் அதனைப் பள்ளிவாசலாக்கிக் கொள்ளக்கூடும் என்று கருதிக் கல்லறைத் திருக்கோயிலுள் தொழ மறுத்து வெளியே தொழுதார்கள் என்றும் மரபு கூறும். வாக்குக் கொடுப்பதோடு நில்லாது, அவ்வாக்கைப் பிற்காலத்தார் முறிக்கவும் வழி வைக்காத பெருந்தகைமை இது.

எனினும் அவ்வாக்கு என்றும் காக்கப்பட்டது எனல் இயலாது. 1009இல் ஃபாத்திமியக் கலீஃபா அல்ஹாக்கிம் அதே திருக்கோயிலை இடிக்க ஆணையிட்டார். பின்னர் வந்தோர் இசைவளிக்க, பைசாந்தியப் பேரரசின் பொருளுதவியால் அது மீண்டும் எழுந்தது. நம் தரப்பில் நிகழ்ந்த இப்பிழையை மறைத்துவிட்டு எஞ்சிய வரலாற்றை எழுதுதல் நேர்மையன்று.

1071இல் மன்ஸிகர்ட் களத்தில் செல்ஜூக் துருக்கியர் பைசாந்தியப் பேரரசரைச் சிறைப்பிடித்தனர். சிற்றாசியாவின் பெரும்பகுதி அப்பேரரசின் கையைவிட்டு நழுவியது. பின்னர் ஆட்சிக்கு வந்த பேரரசர் அலெக்சியஸ் மேலை நாடுகளிடம் படைத்துணை வேண்டினார். அவர் எதிர்பார்த்தவர்கள் கூலிக்குப் போரிடும் வீரர்கள்; வந்ததோ பெருவெள்ளம்.

கிளெர்மோன் உரையும் பாடவேறுபாடும்

1095 நவம்பர் 27 அன்று பிரான்சு நாட்டின் கிளெர்மோன் நகரில் போப்பாண்டவர் இரண்டாம் அர்பன் ஆற்றிய உரையே இப்போர்களின் தொடக்கமாகக் கூறப்படுகிறது. தமிழ் மாணவர் கருதத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. அவ்வுரையின் மூலம் இன்று இல்லை. ஃபுல்ச்சர், இராபர்ட், பால்ட்ரிக், கிபெர்ட் முதலிய துறவியரும் குருமாரும் பின்னாளில், ஜெருசலம் வீழ்ந்தபின், எழுதிவைத்த வடிவங்களே உள்ளன. அவை ஒன்றோடொன்று ஒவ்வா. இராபர்ட்டின் வடிவத்தில் ஜெருசலமே பயணத்தின் முடிவிடம்; ஃபுல்ச்சரின் வடிவத்தில் அந்நகரின் பெயர்தானும் இல்லை. ஓலைச்சுவடிகளில் பாடவேறுபாடு கண்டு பழகிய நமக்கு இது வியப்பன்று. நடந்து முடிந்த வெற்றியை நெஞ்சில் கொண்டு, அதன் தொடக்கத்தை எழுதியிருக்கின்றனர் அவர்கள்.

உரையின் சொற்கள் ஐயத்துக்குரியன எனினும் அதன் விளைவு ஐயத்துக்குரியதன்று. பாவமன்னிப்பு என்னும் நம்பிக்கை, நிலவேட்கை, வீரப்புகழ், உண்மையான பத்தி ஆகிய அனைத்தும் கலந்து ஆயிரமாயிரவரை வழிநடத்தின. முதற்பலி முஸ்லிம்கள் அல்லர். 1096இல் ரைன் ஆற்றங்கரையில் உள்ள வோர்ம்ஸ், மைன்ஸ் ஆகிய நகரங்களில் வாழ்ந்த யூதர்களே முதலில் கொன்றொழிக்கப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் தர முயன்ற ஆயர்களும் சிலர் இருந்தனர். அவர்தம் மாளிகைக் கதவுகள் அவ்வெறியைத் தாங்கவில்லை.

1099: கொடியும் கொலையும்

முஸ்லிம் உலகம் அப்போது ஒற்றுமை இழந்து கிடந்தது. 1092இல் அமைச்சர் நிழாமுல் முல்க் கொலையுண்டார். அதே ஆண்டில் சுல்தான் மலிக்ஷா மறைந்தார். அலெப்போவை ஆண்ட ரிழ்வானும் திமிஷ்கை, அதாவது டமாஸ்கஸை, ஆண்ட துகாக்கும் உடன்பிறந்தோராயினும் பகைவர். பறங்கியர் அந்தாக்கியாவை முற்றுகையிட்டிருந்தபோது இவ்விருவர் படைகளும் தனித்தனியே வந்து தனித்தனியே தோற்றன. 1098இல் பறங்கியர் வடக்கே நின்ற வேளையில், கெய்ரோவின் ஃபாத்திமியர் ஜெருசலத்தைத் துருக்கியரிடமிருந்து பறித்துக்கொண்டனர்.

1099 ஜூலை 15 அன்று நகரம் வீழ்ந்தது. முஸ்லிம்களும் யூதர்களும் தெருக்களிலும் தொழுமிடங்களிலும் கொல்லப்பட்டனர். குதிரையின் கடிவாளம் வரை குருதி பெருகியது என்று உடனிருந்த குருவான இரேமோன் எழுதினார். அது விவிலியத்தின் இறுதி நூலான திருவெளிப்பாட்டிலிருந்து பெற்ற உவமை, அளவையன்று. நூறாண்டுக்குப் பின் எழுதிய இப்னுல் அதீர் அக்ஸாவில் மாண்டோர் 70,000க்கு மேற்பட்டோர் என்றார். அக்காலத்தில் கீழைநாடுகளில் பயணம் செய்த அந்தலூசிய அறிஞர் அபூபக்ர் இப்னுல் அரபி 3,000 என்றார். இற்றை ஆய்வாளர் குறைந்த எண்ணையே உண்மைக்கு அண்மையதாகக் கருதுகின்றனர். எண்ணைக் குறைத்துக் கூறுவதால் கொடுமை குறைந்துவிடாது. மிகைப்படுத்துவதால் மாண்டோர்க்கு மதிப்புக் கூடிவிடாது.

அந்நாளில் நிகழ்ந்த இருசெய்திகள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதவை. அக்ஸாவின் கூரைமேல் ஏறி நின்ற மக்களுக்குத் தான்கிரெட் என்னும் தலைவன் அடைக்கலம் அளித்துத் தன் கொடியையும் கொடுத்தான். மறுநாட்காலையில் வேறு படைவீரர் மேலேறி, கொடியிருக்கவும் அவர்களைக் கொன்றனர். தான்கிரெட் வெகுண்டான் என்று பறங்கியர் வரலாறே கூறும். மறுபுறம், தாவூது நபியின் பெயரால் வழங்கும் கோபுரத்தில் இருந்த ஃபாத்திமியத் தளபதி இஃப்திகாருத் தௌலா, துலூஸ் கோமகன் இரேமோனிடம் சரணடைந்தார். அக்கோமகன் சொன்ன சொல்லைக் காத்தான். தளபதியும் அவர்தம் படையினரும் அஸ்கலான் சென்று உயிர் பிழைத்தனர். ஒரே நகரம், ஒரே படை, ஒரே மதம். வாக்குக் காக்கப்பட்ட இடத்தில் உயிர் நின்றது. முறிந்த இடத்தில் குருதி பாய்ந்தது.

உசாமாவின் நூல்கள்

இப்போர்களை ஒரு மனிதவாழ்வாகக் காண விரும்புவோர் உசாமா இப்னு முன்கித் என்னும் சிரியப் பெருமகனாரைப் பயிலவேண்டும். கிளெர்மோன் உரை நிகழ்ந்த அதே 1095இல் ஷைஸர் கோட்டையில் பிறந்து, ஜெருசலம் மீட்கப்பட்டதற்கு மறு ஆண்டாகிய 1188இல் மறைந்தார். வீரர், கவிஞர், வேட்டையில் வல்லவர், அரசத் தூதர். முதுமையில் அவர் கூறிய ‘கிதாபுல் இஃதிபார்’ என்னும் நினைவுநூலின் ஒரே கைப்படி ஸ்பெயின் நாட்டு எஸ்கோரியல் நூலகத்தில் கிடைத்து, 19ஆம் நூற்றாண்டில் அச்சேறியது.

அந்நூலில் அவர் பறங்கியரைப் பழிக்கவும் செய்கிறார், பாராட்டவும் செய்கிறார். அவர்தம் மருத்துவர் ஒருவர் காலில் புண்பட்ட வீரனின் காலையே கோடரியால் வெட்டுவித்துச் சாகடித்ததை எள்ளி எழுதுகிறார். உடனே, வேறொரு பறங்கி மருத்துவர் அழுகிய காலைப் புளிக்காடியால் கழுவிக் குணப்படுத்தியதையும் மறைக்காமல் எழுதுகிறார். ஜெருசலத்தில் ‘தெம்ப்ளர்’ என்னும் துறவிப்போர்வீரர் கையில் அக்ஸா இருந்தது. அவர்களோடு நட்புப் பூண்டிருந்த உசாமாவுக்குத் தொழுவதற்கென அருகில் இருந்த சிறுபள்ளியை அவர்கள் ஒழித்துக் கொடுப்பர். ஒருநாள் ஊருக்குப் புதிதாக வந்த பறங்கி ஒருவன், தொழுதுகொண்டிருந்த அவரைப் பற்றிக் கிழக்கு நோக்கித் திருப்பினான். தெம்ப்ளர் அவனை இழுத்து அப்புறப்படுத்தினர். அவன் மீண்டும் நுழைந்து அவ்வாறே செய்ய, மீண்டும் அப்புறப்படுத்தி, புதிதாய் வந்தவன் என்று கூறி உசாமாவிடம் வருத்தம் தெரிவித்தனர். தெரியாதவனிடம் இருந்த வெறுப்பு, பழகியவரிடம் இல்லை.

இதே உசாமாவுக்கு நேர்ந்த இழப்பொன்று நூல்மேல் காதல் கொண்டோர் நெஞ்சைப் பிளப்பதாகும். 1154இல் அவர்தம் குடும்பத்தார் எகிப்திலிருந்து கப்பலில் புறப்பட்டனர். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பதாக ஜெருசல மன்னன் மூன்றாம் பால்ட்வின் வாக்களித்திருந்தான். அக்கா துறைமுகத்தின் அருகே அவன் ஆட்களே கப்பலைத் தகர்த்துப் பொருளைச் சூறையாடினர். பெண்டிரும் பிள்ளைகளும் உயிர் பிழைத்தனர். 4,000 நூல்கள் போயின. உறவினர் நலமே வந்துசேர்ந்தபின் பொருளிழப்பை எளிதாகவே கொண்ட அவர், நூல்களின் இழப்பு மட்டும் வாழ்நாள் முழுவதும் நெஞ்சில் புண்ணாய் நின்றதாகக் குறிக்கிறார். ஒரு மன்னன் சொல் தவறியதால் எத்தனை கவிஞர் குரல்கள் கடலோடும் கள்ளரோடும் சென்றனவோ! செல்லுக்கும் நெருப்புக்கும் சுவடிகளை இழந்த தமிழினம் இத்துயரை நன்கு உணரும்.

இப்னு ஜுபைர் கண்ட வழிப்போக்கு

1184இல் அந்தலூசியப் பயணியார் இப்னு ஜுபைர் ஹஜ் கடமையை முடித்து, திமிஷ்கிலிருந்து வணிகக் கூட்டத்தோடு அக்கா துறைமுகம் சென்றார். அவ்வேளையில் சுல்தான் சலாஹுத்தீன் பறங்கியரின் கரக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். ஆயினும் இருதரப்பு வணிகக் கூட்டங்களும் தடையின்றிப் போய்வந்தன. அவரவர் எல்லையில் அவரவர் சுங்கம் செலுத்தினர். போர் புரிவோர் போரில் இருக்க, குடிமக்கள் அமைதியில் இருந்த அக்காட்சி அவரை வியக்க வைத்தது. அக்கா சுங்கச்சாவடியில் கிறித்தவ எழுத்தர்கள் அரபியில் கணக்கெழுதினர்.

திப்னீன் கோட்டைப் பகுதியில் பறங்கியர் ஆட்சியின்கீழ் வாழ்ந்த முஸ்லிம் உழவரைப் பற்றி அவர் எழுதுவது கசப்பான உண்மை. அறுவடைக்காலத்தில் விளைச்சலில் பாதியும், தலைக்கு 1 தீனாரும் 5 கீராத்தும் கொடுத்துவிட்டால் வீடும் நிலமும் அவர்கள் பொறுப்பிலேயே இருந்தன. அண்டையிலுள்ள முஸ்லிம் நிலக்கிழாரின்கீழ் வாழும் உறவினரைக் காட்டிலும் தாம் நலமாக இருப்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தம்மவர் தம்மவர்க்கே அநீதி செய்ய, மாற்றார் நீதியை மக்கள் புகழ நேர்ந்ததே என இப்னு ஜுபைர் புலம்புகிறார். அதே நூலில், காலில் விலங்கோடு கடும்பணி செய்யும் முஸ்லிம் சிறையாளரைக் கண்டு உருகுகிறார். தேவாலயமாக மாறிய அக்கா பள்ளிவாசலைக் கண்டு கலங்குகிறார். பின்னர்க் கிறித்தவரின் ஜெனோவாக் கப்பலிலேயே தாயகம் நோக்கிப் பயணமாகிறார். பகையும் நீதியும் நன்மையும் ஒரே ஏட்டில் இடம்பெறும் இவ்வெழுத்தே மெய்யான வரலாற்றெழுத்து.

ஹத்தீனும் மீட்பும்

1144இல் இமாதுத்தீன் ஜங்கி எதெஸ்ஸா நகரை மீட்டதிலிருந்து காற்றின் திசை மாறியது. அதற்கு எதிராக எழுந்த இரண்டாம் சிலுவைப்போர் 1148இல் திமிஷ்கைத் தாக்கித் தோற்றது. பறங்கியரோடு முன்னர் நட்புடன்படிக்கை கொண்டிருந்த நகரம் அது என்பது குறிக்கத்தக்கது. ஜங்கியின் மகன் நூருத்தீனும், அவர்க்குப்பின் சலாஹுத்தீன் அய்யூபியும் சிரியாவையும் எகிப்தையும் ஒன்றிணைத்தனர். அவ்விணைப்பிற்காகச் சலாஹுத்தீன் முஸ்லிம் அரசர்களோடு பல்லாண்டுகள் போரிட்டார் என்பதையும் மறத்தலாகாது.

பெரும்போரைத் தொடங்கி வைத்தது முறிந்ததொரு வாக்கேயாகும். போர்நிறுத்தம் நிலவிய காலத்தில், 1186–87 குளிர்காலத்தில், கரக் கோட்டைத் தலைவன் ரெனோ முஸ்லிம் வணிகக் கூட்டமொன்றைக் கொள்ளையிட்டான். பொருளையும் மக்களையும் திருப்பித்தருமாறு அவன் மன்னன் கீ கூறியும் கேட்டிலன். 1187 ஜூலை 4 அன்று, நீரற்ற ஹத்தீன் மேட்டில் பறங்கியர் படை அழிந்தது. கூடாரத்துக்குக் கொணரப்பட்ட மன்னன் கீக்குச் சலாஹுத்தீன் குளிர்ந்த நீர் தந்து உயிர்க்காப்பளித்தார். ரெனோவைச் சூளுரைத்தவாறு தம் கையால் வெட்டினார். சிறைப்பட்ட தெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் வீரர் சுமார் 200 பேர் கொல்லப்பட்டதும் அக்களத்திலேதான். இதனை அவர்தம் எழுத்தர் இமாதுத்தீனே பதிந்துள்ளார்.

ஜெருசலத்தையும் 1099 போலவே வாளால் கொள்ளச் சுல்தான் முதலில் எண்ணினார். நகரைக் காத்துநின்ற பாலியன், அடைக்கலம் மறுக்கப்படின் குப்பத்துஸ் ஸஹ்ராவையும் அக்ஸாவையும் இடித்து, 5,000 முஸ்லிம் சிறையாளரையும் கொன்று தாமும் மடிவோம் என்றான். சுல்தான் அறிஞரோடு கலந்து உடன்படிக்கைக்கு இசைந்தார். ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5 தீனார், குழந்தைகட்குச் சிறுதொகை என மீட்புப்பணம் வரையறுக்கப்பட்டது. ஏழையர் 7,000 பேருக்கு மொத்தமாக 30,000 தீனார். ஹிஜ்ரி 583 ரஜப் 27, மிஃராஜ் நினைவுநாளில், 1187 அக்டோபர் 2 அன்று அவர் நகருள் புகுந்தார். கொலை நிகழவில்லை, கொள்ளை நிகழவில்லை.

மறைத்தலைவர் ஹெராக்ளியஸ் 10 தீனார் மட்டும் கட்டிவிட்டுத் திருக்கோயிற் செல்வங்களை வண்டியேற்றிச் சென்றார். அவற்றைப் பறிக்குமாறு உடனிருந்தோர் வற்புறுத்தியும், கொடுத்த சொல்லுக்கு மாறு செய்யேன் என மறுத்தார் சுல்தான். அவர் தம்பி அல்ஆதில் 1,000 ஏழையரைப் பரிசாகக் கேட்டுப் பெற்று விடுவித்தார். சுல்தான் முதியோரைப் பணமின்றி விடுத்தார். எனினும் பணம் செலுத்த இயலாது அடிமையானோர் ஏறத்தாழ 15,000 பேர் என்று இமாதுத்தீன் எழுதுகிறார். பெருந்தன்மையின் புகழைப் பாடும் நாம் அந்த 15,000 பேரையும் எண்ணவேண்டும். கல்லறைத் திருக்கோயில் இடிக்கப்படவில்லை. யூதர் மீண்டும் நகரில் குடியேறினர். இம்மீட்பை எதிர்நோக்கி நூருத்தீன் முன்னரே செய்வித்திருந்த மிம்பர் மேடை அலெப்போவிலிருந்து அக்ஸாவுக்கு வந்தது. 1969ஆம் ஆண்டின் தீவைப்பில் அது அழிந்தது.

அக்காவும் யாஃபாவும்

இனிப் போரிடேன் என்று ஆணையிட்டு 1188இல் விடுதலை பெற்ற கீ, மறு ஆண்டே அக்காவை முற்றுகையிட்டான். வற்புறுத்திப் பெற்ற ஆணை செல்லாது எனக் குருமார் விலக்களித்திருந்தனர். 1191 ஜூலையில் இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டும் பிரெஞ்சு மன்னன் பிலிப்பும் துணைநிற்க அக்கா பணிந்தது. மீட்புப்பணம் தவணைப்படி வரவில்லை எனக் கூறி, ஆகஸ்டு 20 அன்று ஏறத்தாழ 2,700 முஸ்லிம் சிறையாளரை ரிச்சர்ட் வெட்டுவித்தான். அதன்பின் தம் கையிற் சிக்கிய பறங்கியரைச் சுல்தானும் கொல்வித்தார். முறிந்த வாக்கு பெருந்தகையாளரையும் கீழிறக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஓராண்டுப் போர் இருவரையும் களைப்பித்தது. 1192 செப்டம்பர் 2 அன்று மூன்றாண்டு எட்டுத்திங்கள் செல்லத்தக்க போர்நிறுத்தம் யாஃபாவில் முடிந்தது. கடற்கரை பறங்கியர்க்கு, ஜெருசலம் முஸ்லிம்களுக்கு, ஆயுதமின்றி வரும் கிறித்தவப் பயணியர்க்குத் திருக்கோயில் வழி திறப்பு. அக்காவில் உறவினரை இழந்தோர் அப்பயணியரைப் பழிவாங்கக்கூடும் எனக் கருதிச் சுல்தான் வழியெங்கும் காவல் அமைத்தார். 1193 மார்ச் 4 அன்று அவர் மறைந்தபோது கருவூலத்தில் இருந்தவை 47 திர்ஹமும் ஒரு பொற்காசுமே என்று உடனிருந்த பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் எழுதுகிறார்.

வாளின்றிப் பெற்ற நகரம்

புனிதப்போர் என்னும் பெயர் எவ்வளவு எளிதில் திசை மாறும் என்பதை 1204 காட்டியது. எகிப்து நோக்கிப் புறப்பட்ட நான்காம் சிலுவைப்படை, கடனாலும் அரசியற் சூழ்ச்சியாலும் திரும்பி, கிறித்தவப் பெருநகரான கான்ஸ்டாண்டிநோப்பிளையே சூறையாடியது. 1219இல் எகிப்தின் தமியாத்தா முற்றுகைக்கிடையே அசிசி நகரத் துறவி பிரான்சிஸ், போர்க்கோட்டைக் கடந்து சுல்தான் அல்காமிலைக் கண்டார். சுல்தான் அவரைச் செவிமடுத்து நலமே திருப்பியனுப்பினார்.

அதே அல்காமில், 1229 பிப்ரவரி 18 அன்று பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்கோடு பத்தாண்டு உடன்படிக்கை செய்தார். போரின்றி ஜெருசலம் கிறித்தவர் ஆட்சிக்குச் சென்றது. அக்ஸாவும் குப்பத்துஸ் ஸஹ்ராவும் முஸ்லிம்கள் பொறுப்பிலேயே நின்றன. இருதரப்பிலும் மகிழ்ந்தவர் அரியர். திமிஷ்கில் முஸ்லிம்கள் அழுதனர். மறைத்தலைவர் நகருக்குத் தடைவிதித்தார். பேரரசரோ முன்பே போப்பாண்டவரால் விலக்கப்பட்டவர். அவர் தங்கிய இரவில் நாப்லுஸ் காழி மரியாதை கருதி பாங்கொலியை நிறுத்திவைத்தார். அவ்வொலியைக் கேட்கவும் விரும்பியே வந்தேன் என்று பேரரசர் குறைப்பட்டுக்கொண்டார் என அரபு வரலாற்றாசிரியர் எழுதுவர். யாரும் விரும்பாத அவ்வுடன்படிக்கை, பலர் போற்றிய எத்தனையோ வெற்றிகளைவிடக் குறைந்த குருதியில் முடிந்தது.

1244இல் குவாரஸ்மியப் படையினர் ஜெருசலத்தைக் கொடுமையாகக் கவர்ந்தனர். 1260இல் ஐன் ஜாலூத் களத்தில் மங்கோலியரை வென்ற மம்லூக்கியர், அடுத்துப் பறங்கியர் கோட்டைகளைக் கைக்கொண்டனர். 1266இல் ஸஃபத் கோட்டையினர் உயிர்க்காப்பு உறுதிபெற்றுச் சரணடைந்தும், சுல்தான் பைபர்ஸ் அவர்களைக் கொல்வித்தார். காரணம் பலவாறு கூறப்படினும் கறை கறையே. 1268இல் அந்தாக்கியாவிலும் பெருங்கொலை நிகழ்ந்தது. 1291 மே 18 அன்று அக்கா வீழ, இருநூறாண்டுப் பறங்கியர் ஆட்சி முடிவுற்றது.

முடிவுரை

இப்போர்களை இரு மதங்களின் மோதல் என ஒரே தொடரில் சுருக்குவோர் உண்டு. சான்றுகள் அத்தொடருக்குள் அடங்குவனவாக இல்லை. கிறித்தவர் கிறித்தவரைக் கொள்ளையிட்டனர். முஸ்லிம் முஸ்லிமைக் கைவிட்டார். யூதர் இருதரப்புக்கும் தொடர்பின்றி மாண்டனர். மறுபுறம், இரேமோன் வாக்குக் காத்தான். தெம்ப்ளர் தொழுகையைக் காத்தனர். சலாஹுத்தீன் பகைவர் செல்வத்தின்மேல் கை வைத்தாரல்லர். ஆராய்ந்து நோக்கின், உயிரைக் காத்த கோடு சிலுவைக்கும் பிறைக்கும் இடையே ஓடவில்லை. சொன்ன சொல்லைக் காத்தவர்க்கும் முறித்தவர்க்கும் இடையே ஓடியது. திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் உடன்படிக்கைகளை நிறைவேற்றுக என்னும் கட்டளையோடு தொடங்குவதும், வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததும் இங்கு நினையத்தக்கன.

ஆதலின் அம்மாணவர்க்கு என் விடை இதுவே: கூரைமேல் கொடியை நம்பி நின்றவர் பக்கம் நாம், மீட்புப்பணமின்றி அடிமையான 15,000 பேர் பக்கமும் நாம். ரைன் கரையில் ஆயர் மாளிகையுள் ஒளிந்திருந்த யூதக் குழந்தையின் பக்கமும், ஸஃபத்தில் வாக்கை நம்பிக் கதவு திறந்த வீரன் பக்கமும் நாம். இவ்விடையைக் கூறும்போது, தலை கவிழ்ந்த அந்த மற்றொரு மாணவரும் நிமிர்ந்து நோக்குவார் என நம்புகிறேன்.

‘பறங்கி’ என்னும் சொல் போர்க்களத்தில் பிறர்பெயராய் ஒலித்து, கடல் கடந்து, கடைசியில் நம் வீட்டுக் குழம்பில் காயாய்க் கலந்தது. சொல் பகையைத் துறந்து வாழ இயலுமாயின், அதனை வழங்கும் மாந்தர்க்கும் அது இயலும். வரலாற்றைப் பழிதீர்க்கும் கருவியாகக் கொள்ளாது, சொற்காக்கும் பாடமாகக் கொள்வோமாக.